கசோர்லா மலையில் எந்த அருவிக்கு நடப்பது?

ஏப்ரல் கடைசி வாரம் நான்கு நாள் தெற்கு ஸ்பெயினின் கசோர்லா மலையில் தங்கப்போகிறீர்கள். கணவன் மனைவி இருவரோடு 67 வயது அப்பா, 11 வயது மகள். அப்பாவுக்கு முழங்காலில் கொஞ்சம் தொந்தரவு. அருவிகளைப் பார்த்தபடி நடக்கிற தடங்களில் எது யாருக்கு ஒத்துவரும், ஆபத்து உண்டா, அருவியில் குளிக்கலாமா என்பது உங்கள் கேள்வி.

தாராளமாகப் போகலாம், மாதமும் நல்ல மாதம். ஆனால் படத்தைப் பார்த்து அருவியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. நான் கிரனாடாவில் குடியிருக்கிறேன். பதினொரு வருடமாக, வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த மலைக்குப் போய் வருகிறேன். 2023 ஏப்ரலில் ஊரிலிருந்து வந்த அக்காவையும் மாமாவையும் லினாரேஹோஸ் அருவிக்குக் கூட்டிப்போனேன். முந்தைய வசந்தத்தில் வெள்ளை வேட்டியை மேலிருந்து உதறிவிட்டது மாதிரி விழுந்துகொண்டிருந்த அருவி அது. அன்றைக்குப் பாறையில் கறுப்பாக ஓர் ஈரக்கோடு மட்டும்தான் இருந்தது. மாமா ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "தண்ணி இதுக்கு மேல வருமா?" என்று கேட்டார். எனக்கு மனசே சரியில்லை. ஸ்பெயின் முழுக்க மழை பொய்த்த வசந்தம் அது. அதே நாள் மதியத்துக்கு மேல், ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் போரோசா ஆற்றுக்குப் போனோம். அது பச்சைக் கண்ணாடியை உருக்கிவிட்டதுபோல் ஓடிக்கொண்டிருந்தது. மலையும் ஒன்றுதான், வறட்சியும் ஒன்றுதான். ஓர் இடம் காய்ந்து கிடக்க, இன்னோர் இடத்தில் ஆறு ஓடியது. இது ஏன் என்று புரிந்துவிட்டால் உங்கள் நான்கு நாளையும் நீங்களே பிரித்துக்கொள்ளலாம்.

அது சுண்ணாம்புக்கல் மலை. கருங்கல் மலையில் பெய்கிற மழை பெரும்பாலும் மேலேயே வழிந்து ஓடையாகிவிடும். சுண்ணாம்புக்கல் அப்படி விடாது, குடித்துவிடும். மண்ணுக்குள் இறங்கும்போது மழைநீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளிப்பேறுகிறது. அந்தப் புளிப்பு கல்லைக் கரைத்து விரிசலைப் பெரிதாக்குகிறது. பெரிதான விரிசல் இன்னும் அதிகமாகக் குடிக்கிறது. மலையின் உச்சிப் பக்கத்தில், ஏறத்தாழ 1,600 மீட்டர் உயரத்திலும் அதற்கு மேலும், காம்போஸ் தெ எர்னான் பெரேயா என்று விரிந்த ஒரு மேட்டுச்சமவெளி உண்டு. குளிர்காலத்தில் பனி மூடிக் கிடக்கும். பனி போனபின் செகூரா இனச் செம்மறியாடுகள் மேயும். அங்கே போய் ஆறு எங்கே என்று தேடினால் கிடைக்காது. கிண்ணம் பதித்த மாதிரி பள்ளங்கள்தான் இருக்கும். உருகுகிற பனியும் மழையும் அந்தப் பள்ளங்களின் அடியில் இறங்கிப் போய்விடுகின்றன. பாறைக்குள்ளேயே மெதுவாக ஊர்ந்து, எங்கோ கீழே ஊற்றாக வெளியே வருகின்றன. போரோசா ஆறு பிறக்கிற அகுவாஸ் நேக்ராஸ் அந்த மாதிரி ஊற்று. மலை தன் வயிற்றில் சேர்த்துவைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. அதனால்தான் மழையில்லாத மாதத்திலும் போரோசா ஓடுகிறது. லினாரேஹோஸ் அப்படியில்லை. போன சில வாரங்களில் பெய்த மழையை நம்பியிருக்கிற ஓடை அது. மழை பெய்தால் பிரமாதம், பெய்யாவிட்டால் வெறும் பாறை.

ஆகவே ஒவ்வோர் அருவியைப் பற்றியும் நீங்கள் கேட்கவேண்டியது, அது ஊற்றை நம்பியதா, மழையை நம்பியதா என்பதுதான். மத்தியதரைக் கடல் பகுதியின் மழை அக்டோபரில் தொடங்கி மே வாக்கில் முடிந்துவிடும். ஜூலை, ஆகஸ்ட் வறண்ட மாதங்கள். ஏப்ரல் கடைசியில் இரண்டு வகை அருவியும் ஓட வாய்ப்பு அதிகம். கிளம்புவதற்கு முந்தின இரண்டு மூன்று வாரம், இந்த மலை இருக்கிற ஹாயென் மாகாணத்தில் மழை எப்படி என்று மட்டும் பார்த்து வையுங்கள்.

இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அளவு தெரியாமல் வந்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். கசோர்லா, செகூரா, லாஸ் வியாஸ் என்ற மூன்று மலைத்தொகுதிகளும் சேர்ந்த இந்த இயற்கைப் பூங்கா சுமார் 2,100 சதுர கிலோமீட்டர். ஸ்பெயினின் பாதுகாக்கப்பட்ட நிலப்பரப்புகளில் மிகப் பெரியது இதுதான் என்பார்கள். 1983-இல் யுனெஸ்கோ இதை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. 1986-இல் இயற்கைப் பூங்கா ஆனது. வரைபடத்தில் பக்கத்தில் தெரிகிற இரண்டு இடத்துக்கு நடுவே வளைந்து வளைந்து ஒன்றரை மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். ஒரு நாளைக்கு ஒரு பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கு ஆசைப்பட்டால் மகளுக்குக் காரில் குமட்டல்தான் மிஞ்சும்.

இனி போரோசா. நான்கு நாளில் ஒரே ஒரு தடம்தான் நடக்க முடியும் என்றாலும் இதையே நடங்கள்.

தோரே தெல் வினாக்ரே என்ற இடத்தில் பூங்காவின் பார்வையாளர் மையம் இருக்கிறது. அங்கிருந்து குவாதல்கிவீர் ஆற்றைக் கடந்து சற்று உள்ளே போனால் பழைய மீன்பண்ணை. காரை அங்கே விட்டுவிட வேண்டும். அதன்பின் காட்டுச்சாலைதான், பொதுமக்களின் வண்டிக்கு அனுமதியில்லை. ஆறு ஒரு பக்கம், மலைச்சுவர் மறுபக்கம். முதல் மூன்று கிலோமீட்டர் அப்பாவுக்கு வீட்டுத் தெருவில் நடக்கிற மாதிரித்தான் இருக்கும், ஏற்றம் தெரியவே தெரியாது. வழியில் சார்கோ தெ லா குனா என்று ஒரு தேக்கம் வரும், தொட்டில்குளம் என்று பொருள். அதற்குப் பிறகு ஓரிடத்தில் சாலையோரப் பாறையைப் பாருங்கள். அடுக்கடுக்கான கல் அப்படியே வில்லாக வளைந்திருக்கும். கடலடியில் மட்டமாகப் படிந்த சுண்ணாம்பு, ஆப்பிரிக்காவும் ஐரோப்பாவும் நெருக்கிய நெருக்கலில் மடிந்துபோனது அது. பாயை இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளினால் நடுவில் எப்படி எழும்பும் என்று மகளுக்குச் செய்து காட்டுங்கள், உடனே புரிந்துவிடும்.

கிளம்பின இடத்திலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டரில் செராதா தெ எலியாஸ் வரும். 'செராதா' என்றால் அடைபட்டது. இரண்டு மலையும் நெருங்கிவந்து ஆற்றுக்கு ஓர் இடுக்கை மட்டும் விட்டுவைத்த இடத்தை அங்கே அப்படிச் சொல்கிறார்கள். சாலை மேலே ஒதுங்கிப் போகும், நடைபாதை கீழே இறங்கி, பாறையில் பொருத்திய மரப்பாலங்களின் மேல் போகும். காலுக்கடியில் தண்ணீர். கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டிய இடம் இது. நிறையப் பேர் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

நனைந்து சொட்டுகிற சுவர்களில் மங்கலான மஞ்சள்பச்சையில் நாடா நாடாவாகத் தொங்குகிற இலைகள் தென்படலாம். ஒரு சாண் நீளம்கூட இருக்கும். இலையின் மேல்புறம் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் கடுகைவிடச் சின்னப் பூச்சிகள் அதில் ஒட்டிக் கிடப்பது தெரியும். பூச்சி தின்னும் செடி. அந்த ஊர்க்காரர்கள் 'கிராசியா' என்கிறார்கள், கொழுப்பு என்கிற சொல்லிலிருந்து வந்த பெயர். உலகத்திலேயே இந்தத் தென்கிழக்கு ஸ்பெயின் மலைகளில் மட்டும்தான் வளர்கிறது. சுண்ணாம்புச் சுவரில் மண் கிடையாது, உரச்சத்தும் கிடையாது. அதனால் பூச்சியைப் பிடித்து அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்கிறது. ஊதாப் பூ மே, ஜூனில் வரும். நீங்கள் போகும்போது மொட்டு இருக்கலாம். தொட்டால் இலையின் பசை வீணாகிவிடும், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளும்படி மகளிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் அங்கே காட்டுங்கள். தண்ணீர் தெறிக்கிற இடங்களில் பாசி படர்ந்திருக்கும். நுனி பச்சையாக, மெத்தென்று இருக்கும். அடிப்பக்கம் கல். பாசியே கல்லாகிக்கொண்டிருக்கிறது. மலைக்குள் கரைத்து எடுத்துவந்த சுண்ணாம்பை, வெளிக்காற்றில் விழுந்து சிதறி வாயு வெளியேறினதும் தண்ணீரால் சுமக்க முடிவதில்லை. பாசியின்மேல், இலைமேல், குச்சிமேல் படியவைத்துவிடுகிறது. நூற்றாண்டுக் கணக்கில் இப்படிப் படிந்து படிந்துதான் அருவியின் உதடு முன்னால் வளர்கிறது. மற்ற மலைகளில் அருவி பாறையைத் தின்னும். இங்கே அருவி தன் பாறையைத் தானே கட்டிக்கொள்கிறது. இந்தக் கல் துளைதுளையாக, நொறுங்குகிற மாதிரி இருக்கும். ஒரு செருப்புக்கால் மிதித்து உடைத்துவிட்டால் மறுபடி வளர ஒரு தலைமுறை போதாது. அருவியோரம் ஏறி நின்று படம் எடுக்க வேண்டாம் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதற்காகத்தான்.

அப்பா இங்கேயே திரும்பிவிடலாம். போக வர எட்டு கிலோமீட்டர் ஆகிவிடும். நடுவில் உட்காரக் கல்லும் நிழலும் நிறைய. உங்களில் ஒருவர் அவரோடு திரும்புவது என்று வீட்டிலேயே பேசி முடிவுசெய்துகொண்டு வாருங்கள். பாதை நடுவில் நின்று "நான் வரேன், பரவாயில்லை" என்று அப்பா சொன்னால் உங்களால் மறுக்க முடியாது, அடுத்த நாள் முழங்கால் வீங்கிவிடும்.

அங்கிருந்து இன்னும் மூன்று கிலோமீட்டர் போனால் நீர்மின் நிலையம். அதுவரைக்கும் காட்டுச்சாலைதான், ஏற்றம் மெதுவாகக் கூடும். நன்றாக நடக்கிற பதினொரு வயதுப் பெண் இதுவரை வந்துவிடுவாள், போக வர 14 கிலோமீட்டர். இதற்கு மேலேதான் உண்மையான மலையேற்றம். கல் சரிந்த பாதை, கொண்டை ஊசி வளைவுகள், பாதி தூரத்துக்கு நிழலே இல்லை. எதிரே சால்தோ தெ லோஸ் ஓர்கனோஸ் அருவி செங்குத்துப் பாறையில் இறங்குவது தெரியும். 'ஓர்கனோஸ்' என்றால் தேவாலயத்து ஆர்கன் இசைக்கருவிகள். அதன் குழல்கள் மாதிரிப் பாறை நிமிர்ந்து நிற்பதைப் பாருங்கள், பெயர் பொருத்தமாக இருக்கும். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் அதன் சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்.

மேலே ஏறினதும் இரண்டு சுரங்கங்கள். மின்நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோவதற்காகக் கையால் குடைந்த வழிகள். ஒரு பக்கம் கால்வாயில் தண்ணீர் ஓடும், மறுபக்கம் நீங்கள் நடக்க வேண்டும். கூரை தாழ்ந்து வரும் இடங்களில் உயரமானவர்கள் குனிய வேண்டும், தரையில் தண்ணீர் தேங்கியிருக்கும். அங்கங்கே பாறையில் ஒரு சன்னல் திறந்து, வெளிச்சமும் பள்ளத்தாக்கும் ஒரு கணம் தெரிந்துவிட்டு மறுபடி இருட்டு. தலையில் மாட்டுகிற விளக்கு ஆளுக்கொன்று வேண்டும். கைப்பேசி விளக்கை நம்பிப் போனால் ஒரு கை அதற்கே போய்விடும், சுவரைப் பிடிக்கக் கை இருக்காது. இரண்டாவது சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் அகுவாஸ் நேக்ராஸ் நீர்த்தேக்கம். 'கறுப்புத் தண்ணீர்' என்று பெயர், பார்க்கக் கரும்பச்சை. போரோசா பிறக்கிற ஊற்று அதன் பக்கத்தில்தான். இன்னும் கால்மணி, இருபது நிமிடம் நடந்தால் பைன் மரங்களுக்கு நடுவே வால்தெயசோரெஸ் ஏரி.

இது முழுவதும் போக வர 22 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 600 மீட்டர், ஏழெட்டு மணி நேரம். உங்கள் மகள் இதற்கு முன்னால் ஒரே நாளில் 15 கிலோமீட்டராவது சிரித்த முகமாக நடந்திருந்தால் கூட்டிப்போங்கள். இல்லையென்றால் மின்நிலையத்தோடு போதும். காலை 8 மணிக்கே கிளம்பிவிடுங்கள். ஏப்ரல் கடைசியில் ஸ்பெயினில் சூரியன் மறைய இரவு 9 மணி வாக்கில் ஆகிவிடும் என்பதால் நேரம் நிறைய இருக்கிற மாதிரித் தோன்றும். ஆனால் பள்ளத்தாக்குக்குள் வெயில் முன்கூட்டியே போய்விடும், போனதும் குளிர் பிடித்துக்கொள்ளும்.

வழியெல்லாம் கண்ணைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள் என்றும் சொல்ல மாட்டேன், காரணம் தலைக்கு மேலேயும் பார்க்க நிறைய இருக்கிறது. பெரிய பாறு கழுகுகள் மலைச்சுவரை ஒட்டி வட்டமிடும், இறக்கையை அசைக்கவே அசைக்காது. அதிர்ஷ்டம் இருந்தால் எலும்புண்ணிக் கழுகு. இறக்கை குறுகலாக, வால் ஆப்பு மாதிரி இருந்தால் அதுதான். எலும்பை உயரத் தூக்கிப் போய்ப் பாறைமேல் போட்டு உடைத்து விழுங்கும் பறவை அது. ஸ்பானியப் பெயரே 'எலும்பு உடைப்பவன்'தான். 1980-களில் இந்த மலையிலிருந்து அழிந்துபோயிற்று. விஷம் வைத்த இறைச்சி அதற்கு ஒரு பெரிய காரணம். 1996-இல் இங்கேயே இனப்பெருக்க மையம் தொடங்கி, 2006 முதல் குஞ்சுகளை மலையில் விட்டார்கள். அவற்றிலும் சில விஷத்தில் செத்தன. விடாமல் செய்தார்கள். 2015-இல் திறந்த மலையில் முதல் குஞ்சு பொரிந்தது. அந்தப் பறவை என் தலைக்கு மேல் போனபோது அதன் நிழல் பாதையைக் குறுக்கே கடந்தது, அண்ணாந்து பார்க்கும் முன்னால் நிழலைத்தான் பார்த்தேன். ஆற்றுப் பக்கம் கறுத்த பழுப்பு உடம்பும் வெள்ளை மார்புமாக ஒரு சின்னப் பறவை கல்லின்மேல் நின்று குனிந்து குனிந்து எழும். திடீரென்று தண்ணீருக்குள் நடந்து போய்விடும். மூழ்கிவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், அடியில் பூச்சி தேடிவிட்டு அடுத்த கல்லில் வந்து ஏறும்.

அப்பாவுக்கு என்று தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கசோர்லா ஊருக்குள்ளேயே செரெசுவேலோ என்று ஒரு சின்ன ஆறு ஓடுகிறது. ஊரின் பழைய சதுக்கத்தில் சாந்தா மரியா தேவாலயத்தின் இடிபாடு நிற்கும். அதற்கு அடியில்தான் ஆறு போகிறது. இடம் போதாத மலைச்சரிவில் தேவாலயம் கட்டுவதற்காக 16-ஆம் நூற்றாண்டில் ஆற்றின்மேல் கல் வளைவு எழுப்பி, அதன்மேல் கட்டடத்தை நிறுத்தினார்கள். 1694-இல் வந்த பெருவெள்ளம் பழி தீர்த்துக்கொண்டு போனது. அந்த வளைவுக்குள் இறங்கி நடக்கலாம், ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தில் நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். தேவாலயத்துக்குப் பின்புறம் ஆற்றை ஒட்டிப் போகிற பாதையில் குட்டிக் குட்டியாகத் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். மேலே போனால் லா மலேனா அருவி. ஊரின் கூரைகளும் அதற்குக் கீழே கண்ணுக்கெட்டின வரை ஒலிவத் தோப்புகளும் தெரியும். நினைத்த இடத்தில் திரும்பலாம், திரும்பினால் ஐந்தாவது நிமிடம் காபி கிடைக்கும். முழங்கால் தொந்தரவு உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல அருவித்தடம் அந்த மலையில் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, லினாரேஹோஸ். மழை நன்றாக இருந்தது என்று தெரிந்தால் மட்டும். வாதியோ காஸ்த்ரில் என்ற, முன்பு மரம் அறுத்த குடியிருப்பின் பக்கத்தில் செராதா தெல் உத்ரேரோ தடம் தொடங்கும். லினாரேஹோஸ் அருவியை இந்தத் தடத்தில்தான் பார்க்கலாம். இரண்டு கிலோமீட்டருக்குள் ஒரு வட்டம், ஒன்றரை மணி நேரம் போதும். குவாதல்கிவீர் இங்கே சின்னப் பையன். பிறந்த ஊற்றிலிருந்து கொஞ்ச தூரம்தான் வந்திருக்கிறது. 657 கிலோமீட்டர் ஓடி, கோர்தோபா, செவியா எல்லாம் தாண்டி அட்லாண்டிக்கில் கலக்கப்போகிற ஆறு. 'பேராறு' என்று அரபியில் பெயர் வைத்தவர்கள் இந்த இடுக்கைப் பார்த்திருந்தால் தயங்கியிருப்பார்கள். படிகள் உண்டு, சில இடம் இறக்கம். அப்பா ஊன்றுகோலோடு வரலாம், மெதுவாக. சுவர் முழுக்கக் கழுகுக் கூடுகள், கீழே வெள்ளையாக எச்சம் வழிந்திருப்பதை வைத்துக் கூட்டைக் கண்டுபிடிக்கலாம்.

இந்தப் பக்கம் வரும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் காட்டை யாரும் தொடாமல் விட்டுவைக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் செவியாவின் அரசப் புகையிலை ஆலைக்கு மரம் இங்கிருந்து போனது. 1748-இல் கடலே இல்லாத இந்த மலையைக் 'கடல்சார் மாகாணம்' என்று அறிவித்து, பைன் மரங்களைக் கடற்படைக் கப்பல்களுக்கு என்று அரசு எடுத்துக்கொண்டது. வெட்டின மரத்தை ஆற்றில் விட்டு, கொக்கி வைத்த நீளக் கழியோடு ஆட்கள் கூடவே நடந்து, மாதக்கணக்கில் கீழே ஓட்டிப்போவார்கள். 20-ஆம் நூற்றாண்டில் ரயில் தண்டவாளக் கட்டைகளுக்கு வாதியோவில் மரம் அறுத்தார்கள். வடக்கே த்ரான்கோ அணை கட்டினபோது புஹராய்சா என்ற ஊர் தண்ணீருக்குள் போனது. அதன் கோட்டை மட்டும் ஏரி நடுவே தீவில் நிற்கிறது. காரில் போகும்போது வலதுபக்கம் ஓர் உடைந்த கோபுரம் தெரிந்தால் அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். அணைக்காக ஊர் முழுகின கதை அவருக்கு அன்னியமாக இருக்காது.

குளிப்பது பற்றி. வேண்டாம். ஊற்றிலிருந்து வருகிற தண்ணீர், கோடையிலேயே பாதத்தை ஒரு நிமிடம் வைத்திருக்க முடியாது, ஏப்ரலில் கேட்கவே வேண்டாம். திடீரென்று முழுக இறங்கினால் மூச்சு அடைக்கும். அருவிக்கடியில் நான் சொன்ன அந்த நொறுங்கும் கல், மேலிருந்து உருளுகிற கல், வழுக்கும் பாசி எல்லாம் சேர்ந்திருக்கும். பல இடங்களில் குளிக்கத் தடை என்று பலகையே இருக்கிறது. அருவி என்றால் தலையைக் கொடுத்து நிற்க வேண்டும் என்று நமக்கெல்லாம் கை துறுதுறுக்கும், எனக்கும் அப்படித்தான். இந்த மலையில் அந்த ஆசையைத் தூரத்திலிருந்து தீர்த்துக்கொள்ளப் பழகிவிட்டேன். கோடையில் வந்தால் கோத்தோ ரீயோஸ் பக்கம் குவாதல்கிவீரில் குடும்பங்கள் குளிக்கிற இடம் இருக்கிறது.

ஆபத்து என்றால் விலங்கு கிடையாது. மான், காட்டுப்பன்றி, மலையாடு எல்லாம் உங்களைக் கண்டால் விலகும். சாப்பாடு மட்டும் போடாதீர்கள். உண்மையான ஆபத்து கல்தான். சுண்ணாம்புக்கல் ஆயிரம் கால்கள் பட்டு மழமழப்பாகி, ஈரமானால் சோப்பு மாதிரி ஆகிவிடும். அடியில் நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும், சாதாரண ஓட்டப்பயிற்சிக் காலணியோடு சுரங்கத்துக்கு மேலே போகாதீர்கள். பெருமழை பெய்த மறுநாள் மலைச்சுவரிலிருந்து கல் விழும். அப்படி விழுந்து பாதையின் சில பகுதிகளை மூடிவைப்பதும் உண்டு. காலையில் நேராகத் தடத்துக்குப் போகாமல் தோரே தெல் வினாக்ரே மையத்தில் நிறுத்தி, எது திறந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போங்கள். பள்ளத்தாக்குக்குள் கைப்பேசிக்கு சிக்னல் கிடைப்பது அரிது. அவசர எண் 112. வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரிந்து நடக்கிறவர்கள் எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் சந்திப்பது என்று சொல்லி வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் கூப்பிட முடியாது.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தடத்தில் கடை இல்லை. நீங்கள் சைவம் என்றால் மலைக்கிராமத்து உணவகங்களில் கொஞ்சம் சிரமம். உருளைக்கிழங்கும் காய்ந்த சிவப்பு மிளகாயும் மசித்துச் செய்கிற 'ரின்ரான்' பார்க்க நம் கூட்டு மாதிரி இருக்கும், ஆனால் அதில் மீன் சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். ரொட்டி, தக்காளி, கசோர்லா ஒலிவ எண்ணெய் ஒரு சின்னப் புட்டி வாங்கி வைத்துக்கொண்டால் மதியச் சாப்பாடு முடிந்தது. முதல் நாள் இரவே கிளறி வைத்த புளியோதரையும் செராதா தெ எலியாஸ் கல்லில் உட்கார்ந்து சாப்பிட நன்றாகவே இருக்கும், நான் சாப்பிட்டிருக்கிறேன். காரில் திரும்பும்வரை ஒரு பருக்கையும் காகிதமும் அங்கே விடாமல் வாருங்கள்.

நான்காவது நாளை இப்போதே தீர்மானிக்காதீர்கள். அந்த வாரத்தில் நல்ல மழை கொட்டினால் லாஸ் வியாஸ் பக்கம் லா ஒசேரா அருவிக்குப் போங்கள், நூறு மீட்டருக்கும் மேல் விழுகிற அருவி, மழைக்குப் பின் இரண்டு மூன்று நாள் அதன் கோலமே வேறு. 2005-இல் மின்னல் விழுந்து எரிந்த காடு அந்தப் பக்கம், இளம் பைன்கள் எழுந்து வருவதைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். மழை இல்லாமல் வெயிலாக இருந்தால் தெற்கே தீஸ்கார் போங்கள். குவேவா தெல் அகுவா, தண்ணீர்க் குகை. பாறையில் குடைந்த குட்டி வழியாக நுழைந்தால் உள்ளே மலை பிளந்து, பிளவில் அருவி விழுந்துகொண்டிருக்கும். நடை அதிகமில்லை, படிகள் மட்டும் ஈரம். அப்பா கையை மகள் பிடித்துக்கொள்ளட்டும்.